திகதி வெட்டிய படங்கள்

பத்திரிகைகளில் வந்த அரசியல் கேலிச்சித்திரங்களை வெட்டி ஒட்டிய, தடித்த அட்டை போட்ட ஒன்பது சீ.ஆர். கொப்பிகள் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. பத்தொன்பது வயதில் தொடங்கிய வேலை. இப்போது எனக்கு எழுபது. யாராவது வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவேன். யாரும் கேட்பதில்லை. பழைய பேப்பர் வாங்க வருகிறவன்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு, பசை ஒட்டின தாள் வேண்டாம் என்று போய்விட்டான்.

ஒரு காலத்தில் இவற்றை யாராவது தொட்டால் கையை முறிப்பேன் என்று வீட்டில் மிரட்டி வைத்திருந்தேன். அவ்வளவு திமிர். அந்தத் திமிரை நம்பித்தான் என் ஒரே மகளை இந்த ஊரில் நிறுத்தி வைக்கலாம் என்று போனேன். நல்லாக மூக்குடைபட்டேன்.

மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எனக்கு ஒரு சலூன். அப்பா நடத்தியது, பிறகு நான். சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும்: ‘இங்கே அரசியல் பேச வேண்டாம்.’ அப்பா எழுதி வைத்தது. சும்மா இல்லை. ஒரே பெஞ்சில் உக்குவளை வியாபாரி ஒருவர், லக்கலயிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த விவசாயி ஒருவர், தோட்டத்திலிருந்து அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு கையெழுத்துக்காக வந்தவர் ஒருவர் என்று முஸ்லிம், சிங்களம், தமிழ் மூன்று சாதி சனமும் உட்கார்ந்திருக்கும். என் கையில் சவரக் கத்தி. அந்த நேரத்தில் அரசியல் பேசினால் யாருடைய கழுத்துக்கும் நல்லதில்லை.

ஆனால் மனுசன் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? அதற்கு எங்கள் சலூனில் ஒரு வழி இருந்தது. மேசையில் இரண்டு தமிழ்ப் பேப்பர், ஒரு சிங்களப் பேப்பர் கிடக்கும். காத்திருக்கிறவர் கேலிச்சித்திரம் உள்ள பக்கத்தை மடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிப்பார். எழுத்து இடம் வலமாகத் தெரியும், படிக்க முடியாது. படம் தெரியும். எந்தப் பாஷைக்காரனுக்கும் தெரியும். இவர் பார்த்துவிட்டு ‘ம்’ என்பார். நானும் ‘ம்’ என்பேன். பெஞ்சில் ஒருவர் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், ஓர் அரசாங்கத்தையே ஏசி முடித்திருப்போம்.

கடை மூடும்போது அந்தப் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பலாபத்வல வீட்டுக்கு வருவேன். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து கொப்பியில் ஒட்டுவேன். ஒரு முறை மா தட்டுப்பாடு வந்து கடை கடையாக அலைந்த சமயத்திலும் நான் ஒரு கரண்டி மாவை எடுத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள்.

“திங்கிறதுக்கு மா இல்ல, இந்தத் திருடனுங்க மூஞ்சிய ஒட்டுறதுக்கு மட்டும் மா இருக்கோ?”

“ஒரு கரண்டி தானே புள்ள.”

“அந்த ஒரு கரண்டிலதான் எனக்கு ஒரு ரொட்டி.”

நான் ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொப்பிகளை வருசப்படி வைக்கவில்லை. விசயப்படி வைத்தேன். க்யூவுக்கு ஒரு கொப்பி, தேர்தலுக்கு இரண்டு, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு ஒன்று, யுத்தத்துக்கு மூன்று, மற்றவை கலவை. எந்தப் படம் எந்தக் காலத்தது என்று தெரிய, ஒவ்வொன்றின் கீழும் பேப்பரின் பெயரும் திகதியும் உள்ள துண்டை வெட்டி ஒட்டியிருந்தேன். ஒழுங்காகத்தான் தொடங்கினேன். கெடுத்ததும் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் இந்த மாவட்டத்தில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பேப்பரைக் கடையில் வைக்காதே என்று அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர் பக்கம் துண்டுக் கடிதம் போடும். அந்தப் பேப்பரை ஏன் வைத்திருக்கிறாய் என்று மறுபக்கம் சீருடையில் வந்து கேட்கும். கடைகளைத் திறக்கக் கூடாது என்று கட்டளை வந்த ஒரு நாள், வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் புத்தி வேலை செய்தது. சவர பிளேடை எடுத்து, கொப்பிகளில் இருந்த பெயரையும் திகதியையும் ஒவ்வொன்றாக வழித்தேன். தாடி வழிக்கிற அதே கை, அதே சாய்வு. எந்தப் பேப்பர், எந்த நாள் என்று தெரியாவிட்டால் நம்மை எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியாது அல்லவா? கொப்பிகளை எரித்திருந்தால் புத்திசாலித்தனம். எரிக்க மனசு வரவில்லை. வெறும் படத்தைப் பார்த்துச் சுட மாட்டார்கள் என்று நினைத்த முட்டாள் நான்.

நல்லவேளை யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் பயம் பழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒட்டிய படங்களையும் திகதி வராமல் ஓரக் கோடு வரைக்குமே வெட்டினேன். திகதி இல்லாமல் எப்படித் தெரியும் என்று மனைவி கேட்டபோது, “எல்லாம் இங்க இருக்கு” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன்.

இனி மகள் விசயத்துக்கு வருகிறேன்.

கேஸுக்கும் பெட்ரோலுக்கும் நாடே ரோட்டில் நின்ற வருசம் அது. எங்கள் வீடு யாழ்ப்பாண ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்ரோல் க்யூ எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் கேட்பார்கள், கக்கூஸ் கேட்பார்கள். மனைவி விறகு அடுப்பில் பிளேன்டீ போட்டுக் கொடுப்பாள், சீனி இல்லாமல். மகள் உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி நாலு வருசம், மருமகன் ஹார்ட்வெயார் கடையில் வேலை. இருவரும் பக்கத்திலேயே ஒரு வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாரியைக்கூட மாற்றவில்லை.

“அப்பா, எனக்கும் அவருக்கும் இங்கிலாந்துல வேல சரிவந்திருக்கு. வயசானவங்களப் பாத்துக்கிற வேல. ஸ்கூல்ல அஞ்சு வருசம் சம்பளமில்லாத லீவு தர்றாங்க.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “கெம்பஸ் வரைக்கும் படிச்சு, டீச்சராகி, யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் குண்டி கழுவப் போறியா?”

“கழுவினா கேஸ் கிடைக்கும்ப்பா.”

என் வாய்தான் அவளுக்கும். நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. மனைவி குறுக்கே வந்து, ஒரு புள்ளையைப் பெத்துக்கொண்டாவது போகக்கூடாதா என்று கேட்டாள். மகள் வாசலைக் காட்டினாள். வெளியே வெயிலில் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் அசையாமல் நின்றன.

“இந்த ஊர்ல ஒரு புள்ளயப் பெத்து எந்த க்யூவுல நிறுத்துறதும்மா?”

 பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க வேணாம்னா நான் போகல. சத்தியமா போகல. ஆனா கோவத்துல சொல்லக் கூடாது. காரணத்தோட சொல்லணும்.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு” என்றேன்.

ஞாயிறு சலூனுக்கு முக்கியமான நாள். அப்பாவின் செத்த வீட்டுக்குப் பிறகு நானாக ஒரு ஞாயிறும் கடையை மூடியதில்லை. அன்று மூடினேன். ஸ்டூலில் ஏறி ஒன்பது கொப்பிகளையும் இறக்கி, கட்டியிருந்த சாரத்தால் தூசி தட்டி, மேசையில் அடுக்கினேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“கடசில இந்தக் குப்பைய நம்பியா?”

“நீ சும்மா இரு. காரணம் கேட்டா இல்ல? இதுல அம்பது வருசத்துக் காரணம் இருக்கு.”

என் கணக்கு இதுதான். இந்த நாட்டில் இதைவிட மோசமான காலங்கள் வந்தன, போயின. பேக்கரி வாசலில் பாணுக்கு நின்றோம், போனது. கடைகளை எரித்தார்கள், போனது. ஆட்களைத் தூக்கினார்கள், யுத்தம் நடந்தது, எல்லாம் போனது. இதுவும் போகும், கொஞ்சம் பொறு என்று படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்கப் போகவர பஸ்ஸில் இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது.

மகள் பத்து மணிக்கு வந்தாள். முதலில் தேர்தல் கொப்பியைக் கொடுத்தேன். மேடையில் இரண்டு தலைவர்கள் வேட்டியும் சாரமும் கிழியக் கட்டிப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் அதே இரண்டு பேரும் ஒரே கோப்பையில் சோறு பிசைகிறார்கள். அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. இவள் போக மாட்டாள் என்றே நினைத்தேன்.

யுத்தக் கொப்பியில் ஒரு பக்கத்தில் வெறும் வெள்ளைக் கட்டம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் கறுப்புக் கோடு, உள்ளே ஒன்றுமில்லை.

“இதுல என்னப்பா இருந்துச்சு?”

“ஒன்னும் இல்ல. அன்னைக்குத் தணிக்க. படத்தப் போட விடல, எடத்த மட்டும் விட்டிருந்தாங்க. அதையும் வெட்டி ஒட்டினேன்.”

“அப்பாடி! வெறும் பேப்பருக்கும் மா செலவழிச்சிருக்காரு” என்றாள் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து கலவைக் கொப்பி. அதில் அவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். எனக்கு அது அங்கே இருப்பதே மறந்து போயிருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிந்திய கிழமைகளில் வந்தது. நீளத் தாடியும் தொப்பியுமாக ஒரு மனிதன், தாடிக்குள்ளேயிருந்து திரி புகைகிறது.

“இதையும் ஒட்டி வச்சிருக்கீங்களா?”

 சலூனுக்கு இரண்டு கடை தள்ளி மிளகும் கொக்கோவும் வாங்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். இருபது வருசமாக அவர் தாடியை நான்தான் ஒதுக்கினேன். பேப்பரை மடித்துக் கண்ணாடிக்குத் தூக்கிப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கிழமை அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பிறகு மடித்து மேசையில் வைத்தார். யாருக்கும் தூக்கிக் காட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், “தம்பி, எடுத்துடுங்க” என்றார்.

“ஓரம் மட்டுமா நானா?”

“முழுசா.”

சோப்பு நுரை பூசினேன். எடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார், திரும்ப வரவில்லை. அன்று மாலை கடையை மூடும்போது, வழக்கப்படி, அந்தப் படத்தை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்டி, பசை காய்ச்சி, ஒட்டியும் இருக்கிறேன். கை பழக்கம் என்று மகளிடம் சொன்னேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லயக் கொப்பியை நானே திறந்தேன். ஓர் அமைச்சர் அடிக்கல் நாட்டுகிறார். அவர் கல் வைப்பது முந்திய அமைச்சர் வைத்த கல்லின் மேல், அது அதற்கு முந்தியவர் வைத்த கல்லின் மேல். அடிக்கல்லே கோபுரமாக எழும்பி நிற்கிறது. கீழே கூடையோடு ஒரு பெண் அண்ணாந்து பார்க்கிறாள். கோபுரத்துக்குப் பக்கத்தில் அதே தகரக் கூரை லயம்.

“எந்த வருசம்ப்பா இது?”

“எம்பத்தஞ்சு இருக்கும். நீ பொறக்கல.”

“நேத்து வந்த மாதிரி இருக்கு. என் கிளாஸ்ல முக்காவாசிப் பேர் இன்னும் லயத்துல இருந்துதான் வர்றாங்க.”

நான் அவசரமாக க்யூ கொப்பியைத் தள்ளினேன். இதுதான் என் துருப்புச் சீட்டு. ஒரு படத்தைக் காட்டினேன். நீண்ட வரிசை. கடைசியில் நிற்பவன் முன்னால் நிற்பவனிடம் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்கிறான். அவன் சொல்கிறான்: ‘தெரியாது, தாத்தா பிடித்து வைத்த இடம் இது.’

“இது எழுபத்து நாலு” என்றேன். “பாண் க்யூ. எனக்குப் பத்தொன்பது வயசு. காலைல நாலு மணிக்குப் போயி நிப்பேன், எட்டு மணிக்கு அரைப் பாண் கிடைக்கும். மரவள்ளிக் கெழங்குதான் சோறு. அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம், புள்ள. அந்த க்யூ இப்ப எங்க? போச்சு. வந்துச்சு, போச்சு.”

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மாதிரியே வந்தது. குரலும் கம்மியது. மனைவிகூடக் கண்ணைத் துடைத்தாள்.

மகள் படத்தின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் பசை விட்டு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மெல்ல ஒற்றினாள். டீச்சர் இல்லையா, பொறுமை அதிகம். படத்தை முழுசாக உரித்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே பாதி விளம்பரம் ஒன்று இருந்தது. ஒரு பெண் காதில் செல்போன் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

எழுபத்து நாலில் எங்கே ஐயா செல்போன்?

“அப்ப இது யுத்தம் நடந்த நேரம் வந்ததா இருக்கும்” என்று சமாளித்தேன். “மண்ணெண்ணெய்க்கு நின்னோமே, அப்ப.” மனைவி இல்லை, சுனாமிக்குப் பிறகு என்றாள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன். மகள் இன்னொரு படத்தைக் காட்டி, இது எந்த வருசம் என்று கேட்டாள். அதில் சீனிக்கு நிற்கிறார்கள். கொரோனாக் காலம் என்று அடித்துச் சொன்னேன். உரித்தாள். பின்னால் அரையணா அகலத்தில் ஒரு பழைய சினிமா விளம்பரம், மாத்தளையில் எப்போதோ இடித்துவிட்ட தியேட்டர். அந்தத் தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு அடிபட்டவன் நான். இரண்டு தடவையும் முப்பது நாற்பது வருசம் பிழை விட்டுவிட்டேன். மூளை குழம்பிவிட்டதோ என்று பயந்தேன். மூளை சரியாகத்தான் இருந்தது. பாண், சீனி, மண்ணெண்ணெய் என்று எதற்கு நின்றாலும் நின்றது ஒரே வரிசை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் நானே நிற்கிறேன்.

கொப்பியின் நடுவில், ஒட்டாமல் வைத்திருந்த போன வாரத்துப் படம் ஒன்று இருந்தது. கேஸ் சிலிண்டரோடு வட்டமாக நிற்கிறார்கள். கடைசி ஆள் முதல் ஆளின் முதுகைத் தட்டுகிறான். நடுவில் கடையே இல்லை. அவள் அதையும் உரித்தெடுத்த படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அது வெள்ளைத் தாள், மற்றவை பழுப்பு.

“கலர்தான்ப்பா வேற” என்றாள். “வந்துச்சு, போச்சுன்னு சொன்னீங்க. எங்க போச்சு?”

வெளியே க்யூவில் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியது நான். வருசக் கணக்காக ஒவ்வொன்றையும் கையால் தடவி ஒட்டியது நான். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்தவனுக்கே இது தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அந்தக் கஷ்டம் முடிந்துவிட்டது என்று ஐம்பது வருசம் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“திகதிய வெட்டாம விட்டிருந்தா…” என்று ஏதோ தொடங்கினேன்.

“இருந்தா மட்டும் என்னப்பா?”

அவள் கோபத்தில் கேட்கவில்லை. அவளுக்கும் நான் ஒரு காரணம் சொல்ல மாட்டேனா என்று இருந்தது. முகத்தில் தெரிந்தது. நான் ஒரு நல்ல காரணம் சொல்லியிருந்தால் அந்த நிமிசமே பாஸ்போர்ட்டைத் தூக்கி உள்ளே வைத்திருப்பாள். எங்களை விட்டுப் போகாதே என்று சொல்லலாம். அது காரணமில்லை, பிச்சை.

“போ, புள்ள” என்றேன். “போய் நல்லா இரு.”

மனைவி அப்படியே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவளும் மருமகனும் போனார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபிறகு அவள் திரும்பிக் கையாட்டினாள். மனைவி கையாட்டவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நான் படம் வெட்டவில்லை. யாரிடமும் சபதம் போடவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். சலூனில் இப்போது யாரும் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பதுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் குனிந்து போனைத் தேய்க்கிறார்கள். கேஸ் க்யூ முடிந்தது, பெட்ரோல் க்யூ முடிந்தது. ஆட்சி மாறியது. நானும் போய்ப் புள்ளடி போட்டேன், சனம் சந்தோசப்பட்டது, நானும் ஒரு கிழமை சந்தோசப்பட்டேன். மனைவிக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தருகிறார்கள். வாங்குகிறோம். மகள் அனுப்புவதில்தான் வாங்குகிறோம். முந்தாநாள் ஒரு படம் வந்திருந்தது, நோயாளி ஒருவன் கையில் மருந்துத் துண்டோடு வரிசையில் நிற்கிற மாதிரி. நான் அதற்குள்ளேயும் நின்றேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

போன பௌர்ணமிக்கு, போயா லீவு நாளன்று, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி அவள் கூப்பிட்டாள். அங்கே விடிந்துகொண்டிருந்தது. இரவு வேலை முடிந்து வந்திருந்தாள். போனில் முகம் மஞ்சளாக, கண் உள்ளே போய்த் தெரிந்தது.

“அப்பா, நான் முழுகாம இருக்கேன். மூணு மாசம்.”

மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். சிரிக்கிறாள், அழுகிறாள், ஆத்தா மாரியம்மா என்கிறாள், என்ன சாப்பிட்டாய் என்கிறாள். எங்கள் ஆட்களில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, முடிவெடுப்பதுமில்லை. ஏழாம் மாதம் அழைத்து வருவோம், வளைகாப்பு செய்வோம், பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்துத்தான் அனுப்புவோம். மனைவி அப்போதே முன்னறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பேசத் தொடங்கிவிட்டாள்.

“அம்மா, போன அப்பாக்கிட்ட குடுங்க” என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. “அப்பா, என்னால முடியலப்பா. இங்க யாருமே இல்ல. ராத்திரி முழுக்க யாரோ ஒரு கெழவனத் தூக்கித் தூக்கிப் படுக்க வைக்கிறேன், வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு. அவரு வேற ஊர்ல வேல. எனக்கு அங்கேயே வந்துடணும் போல இருக்கு. பொறப்புக்கு மட்டும் இல்ல, ஒரேயடியா. ஸ்கூல்ல லீவு இன்னும் இருக்கு, திரும்பச் சேரலாம். நீங்க வான்னு சொன்னா டிக்கெட் போட்டுடுறேன். புள்ளய அங்க வளக்கலாம்னு நீங்க சொல்லுங்க. சொல்லுங்கப்பா.”

மனைவி எனக்கு எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டி, வரச் சொல்லு, வரச் சொல்லு என்று சைகை காட்டினாள்.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். எத்தனையோ நாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அவள் முகம்தான். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும், அதன் முதல் முடியை நானே என் கையால் இறக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்தவன், என் வீட்டுப் பிள்ளைக்குச் செய்ய ஆசை இருக்காதா? ஆனால் அவள் கேட்டது என் ஆசையை இல்லை. அந்தப் பிள்ளை இங்கே வளரலாமா என்று கேட்டாள். சலூன்காரன் வாயில் பொய்க்குப் பஞ்சமில்லை, அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

“வராத, புள்ள” என்றேன். “பொறப்பையும் அங்கேயே பாத்துக்கோ. அம்மா பேச்சக் கேக்காத.”

 அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு “சரிப்பா” என்றாள், சின்னப் பிள்ளையில் தடுப்பூசிக்குக் கையை நீட்டும்போது சொல்வாளே, அந்த மாதிரி. போனை வைத்துவிட்டாள்.

மனைவி என்னை ஏசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முன்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு வந்து சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. பெற்ற மகளை வராதே என்று சொன்ன வாயால் நான் அந்தச் சோற்றை முழுக்கத் தின்றேன். அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.